யாருக்கான பயிற்சி? உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கணம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். இலக்கணம் வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய வழக்கை இந்த அவை மீண்டும் விசாரிக்கத் தேவையில்லை. வேண்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். கேள்வி வேறு. நாள்தோறும் கரும்பலகையிலும் பயிற்சி ஏட்டிலும் நடைபெறுகின்ற அந்தப் பயிற்சி, முதன்முதலில் யாருக்காக உருவாக்கப்பட்டது? இன்று அது யார் கையில் இருக்கிறது? அந்தக் கைக்கு அது பொருந்துகிறதா?

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளைப் புரட்டினால் சில கட்டளைகள் ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்பதைக் காணலாம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக, தனிவாக்கியத்தைக் கலவை வாக்கியமாக மாற்றுக, சொற்களை முறைப்படுத்தி எழுதுக, பிழையைக் கண்டறிக. கைடுகள் அனைத்தும் இந்தக் கட்டளைகளைச் சுற்றியே அச்சாகின்றன. மெல்லக் கற்போர் எனப் பள்ளிகளில் அழைக்கப்படும் மாணவர்க்குத் தரப்படும் சிறப்பு ஏடுகளோ, இவற்றில் எதை விட்டால் எத்தனை மதிப்பெண் போகும் என்ற கணக்கிலேயே தொகுக்கப்படுகின்றன. இந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வாக்கியத்தை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்ற செய்தி எதுவும் அவற்றில் இராது. ஒரு வாக்கியம் கொடுக்கப்படும். அதை இன்னொரு வாக்கியமாக ஆக்கிக் காட்ட வேண்டும். ஏன் ஆக்க வேண்டும் என்று மாணவர் கேட்பதுமில்லை, கேட்க இடமுமில்லை.

இதற்குத் தமிழ்நாட்டின் வகுப்பறைகள் எல்லாம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘ராமா கில்ட் ராவணா’ என்பது செய்வினை. ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’ என்பது செயப்பாட்டு வினை. எத்தனை தலைமுறை மாணவர்கள் இந்த ராவணனைக் கொன்றிருப்பார்கள்! எழுவாயைக் கடைசிக்குத் தள்ளு, செயப்படுபொருளை முன்னே கொண்டு வா, ‘வாஸ்’ போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, ‘பை’ சேர் என்ற ஐந்து படிகளும் தலைகீழ்ப் பாடமாகிவிடுகின்றன. ஆனால் ஆங்கிலம் வழங்கும் இடங்களில் செயப்பாட்டு வினை எதற்காக எழுதப்படுகிறது? செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும், முன்வாக்கியம் எதைப் பற்றிப் பேசியதோ அதையே அடுத்த வாக்கியமும் எழுவாயாகத் தொடர வேண்டியபோதும் அது எழுதப்படுகிறது. ‘மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்’ என்ற வாக்கியத்தில் ‘பை’ இல்லை. திருடன் யாரென்று தெரிந்திருந்தால் அந்த வாக்கியம் வேறு வடிவில் பிறந்திருக்கக்கூடும். ஆங்கில எழுத்தில் காணப்படும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவை ‘பை’ இல்லாதவையே. வகுப்பறைப் பயிற்சியோ எல்லா வாக்கியத்திலும் ‘பை’ போடச் சொல்லிக் கற்பிக்கிறது. அரிதாக நேர்வது விதியாகவும், இயல்பாக நேர்வது விதிவிலக்காகவும் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன.

இன்னும் ஒரு படி உள்ளே சென்று பார்க்கலாம். ‘ராமன் ராவணனைக் கொன்றான்’ என்ற தமிழ் வாக்கியத்தை ‘ராவணனை ராமன் கொன்றான்’ என்று மாற்றினால் செயல் மாறுவதில்லை. பேச்சின் குவிமையம் மட்டும் ராவணன் மீது விழுகிறது. இதைச் செய்துதருவது இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு கிடையாது. ‘ராவணா கில்ட் ராமா’ என்று சொற்களை இடம் மாற்றினால் கதையே தலைகீழாகிவிடும். எனவே, தமிழ் சொல்வரிசையை மாற்றிச் சாதிக்கும் வேலையின் ஒரு பகுதியை ஆங்கிலம் செயப்பாட்டு வினையைக் கொண்டு சாதிக்கிறது. இந்த ஒரு விளக்கம் கிடைத்த மாணவருக்குச் செயப்பாட்டு வினை என்பது தேர்வுக்கான கழைக்கூத்தாகத் தோன்றாது. தம் மொழியில் தாம் நாள்தோறும் செய்யும் ஒன்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் வழியாகத் தோன்றும். அதன்பின் பயிற்சியும் மாறும். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஒரு பத்தி தொடங்குகிறது. முதல் வாக்கியம் கோயிலின் உயரத்தைச் சொல்கிறது. அடுத்து அதைக் கட்டியவர் யார் என்று சொல்ல வேண்டும். ‘ராஜராஜ சோழா பில்ட் இட்’, ‘இட் வாஸ் பில்ட் பை ராஜராஜ சோழா’ என்ற இரண்டில் எது அந்த இடத்தில் இயல்பாக உட்காரும்? இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. மாணவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கும் அந்தக் கணத்தில்தான் இலக்கணம் வேலை செய்யத் தொடங்குகிறது.

இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பழைய பயிற்சிகளில் ஏன் இல்லாமல் போயிற்று? விடை வரலாற்றில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற ஆசிரியை, தம் இலக்கண நூலில் பிழையான ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து மாணவியரைத் திருத்தச் சொன்னார். 1795இல் லிண்ட்லி மரே தம் புகழ்பெற்ற ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து வந்த அவருடைய பயிற்சி நூலிலும் திருத்துவதற்கான பிழை வாக்கியங்கள் ஏராளமாக இடம்பெற்றன. இன்றைய வினாத்தாளில் ‘பிழையைக் கண்டறிக’ என்று நிற்கும் கட்டளைக்கு வயது ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள். அந்த மாணவியர் யார்? ஆங்கிலத்தையே தாய்ப்பாலோடு பருகியவர்கள். வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், தேவாலயத்தில் ஆங்கிலம். அவர்களுக்கு மொழி ஏற்கெனவே இருந்தது. எழுதும்போது அதைச் செப்பம் செய்வது மட்டுமே மீதி. பிழையான வாக்கியத்தைக் கண்டால் அவர்களுடைய காது உறுத்தியது. காது ஏன் உறுத்தியது என்பதற்கு விதியைக் கொண்டு விளக்கம் சொல்லப் பழகினார்கள்.

இந்தியாவுக்கு வந்த பாடநூல்களும் இந்த மரபிலேயே நடந்தன. பம்பாய் மாகாணத்துக் கல்விப் பணியில் இருந்தவரும், பின்னாளில் ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலால் உலகப் புகழ் பெற்றவருமான பி.சி. ரென், எச். மார்ட்டின் என்பவரோடு இணைந்து எழுதிய உயர்நிலைப் பள்ளி இலக்கண நூலை அறியாத ஆங்கில ஆசிரியர் இந்த அவையில் இருக்க மாட்டார். பாகுபாடு, வரையறை, உருமாற்றம், திருத்தம் என்று அடுக்கடுக்காகச் செல்லும் அந்நூல் ஒழுங்கில் இன்றும் நிகரற்றது. ஐயம் வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு அதைவிட நம்பகமான துணை குறைவு. ஆனால் எடுத்துப் பார்க்கும் நூலும் பழகிப் பார்க்கும் பயிற்சியும் ஒன்றல்ல. திருச்சி மாவட்டத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பிழையான ஆங்கில வாக்கியம் காதில் உறுத்துமா? உறுத்துவதற்கு எந்த ஆங்கிலம் அந்தக் காதில் விழுந்திருக்கிறது? காது இல்லாத இடத்தில் கண்ணை வைத்துப் பிழை தேடச் சொன்னால், நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் வட்டமிடுவதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில்லை.

அப்படியானால் அந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? தமிழ் இருக்கிறது. முழுமையான, நுட்பமான, பிழையின்றி இயங்கும் ஓர் இலக்கணம் அதன் நாவில் இருக்கிறது. கற்பவரின் பிழைகள் சோம்பலின் அடையாளம் அல்ல; அவர் தமக்குள் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஒழுங்கின் சான்றுகள் என்று 1967இல் மொழியியலாளர் பிட் கார்டர் எழுதிய கட்டுரை மொழிக்கல்வித் துறையின் போக்கையே திருப்பியது. தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் நடுவே கற்பவர் அமைத்துக்கொள்ளும் அந்த ஒழுங்கை இடைமொழி என்ற பொருள்படும் பெயரால் 1972இல் லாரி செலிங்கர் குறித்தார். தமிழ் மாணவரின் இடைமொழியில் சில பிழைகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. அவற்றில் இரண்டை மட்டும் சற்று நின்று நோக்கலாம்.

முதலாவது, ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்ற வாக்கியம். எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்தாலும் இது மறுபடியும் முளைக்கிறது. ஏன்? ‘மாமா நேற்றே வந்திருக்கிறார்’ என்பது குற்றமற்ற தமிழ். வந்த செயல் நேற்று முடிந்தது. அதைப் பேசுபவர் இப்போதுதான் அறிகிறார், அல்லது அதன் விளைவு இப்போது கண்முன் இருக்கிறது. தமிழின் ‘இரு’ என்னும் துணைவினை ‘நேற்று’ என்ற சொல்லோடு சண்டையிடுவதில்லை. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ சேர்ந்த வினையோ, அதாவது இறந்தகாலச் செயலை நிகழ்காலத்தோடு முடிச்சிடும் அந்த வடிவமோ, முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லை அருகில் சேர்ப்பதில்லை. ‘எஸ்டர்டே’ வந்தால் ‘கேம்’. ‘ஹேஸ் கம்’ வர வேண்டுமானால் ‘எஸ்டர்டே’ வெளியேற வேண்டும். விதியை இப்படிச் சொல்வது எளிது; பழக்குவதுதான் அரிது. இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதலாம்: ‘ஐ லாஸ்ட் மை கீ’, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’. இவற்றைச் சொன்ன இருவரில் இன்னும் சாவி கிடைக்காமல் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் யாரென்று உறுதியாகச் சொல்ல முடியும்? முதலாமவருக்குச் சாவி பின்னர் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். இரண்டாமவர் நிற்கும் இடத்தில் ஐயமில்லை. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல மாணவர் வாக்கியத்தை உருமாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு வடிவமும் எந்த உலகத்தைக் காட்டுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு வடிவத்தைக் கவனிக்காமல் அது கற்றுக்கொள்ளப்படுவதில்லை என்று 1990இல் ரிச்சர்டு ஷ்மிட் வாதிட்டதன் சாரம் இதுதான்.

இரண்டாவது, அயற்கூற்று. ‘முருகன், நான் வருகிறேன் என்று சொன்னான்’ என்பதைக் கேட்கும் தமிழர் எவரும், வருபவர் முருகன் என்பதில் தடுமாறுவதில்லை. ‘என்று’ என்னும் இடைச்சொல் பேசியவரின் சொற்களை அப்படியே ஏந்திக் கொண்டுவந்து தருகிறது. இதே அச்சில் மாணவர் ‘ஹி டோல்ட் தட் ஐ வில் கம்’ என்று எழுதும்போது ஆங்கிலத்தில் வருபவர் மாறிப்போகிறார். செய்தி கொண்டுவந்தவரே வருவதாகப் பொருள்படுகிறது. ஒரு குறுஞ்செய்தியில் இப்படி எழுதினால் பேருந்து நிலையத்தில் தவறான ஆளுக்காகக் காத்திருக்க நேரும். இதைத் திருத்த வகுப்பறை என்ன செய்கிறது? ‘வில்’ என்றால் ‘வுட்’, ‘டுமாரோ’ என்றால் ‘த நெக்ஸ்ட் டே’, ‘ஹியர்’ என்றால் ‘தேர்’ என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. அட்டவணை தவறா? பாதி சரி. முருகன் காலையில் சொன்னதை அதே நாள் மாலையில் எடுத்துச் சொல்பவர் ‘டுமாரோ’ என்றே சொல்லலாம், ஏனெனில் நாளை இன்னும் நாளையாகவே இருக்கிறது. மாற்றம் நிகழ்வது சொல்லால் அல்ல. சொல்பவரின் இடமும் காலமும் மாறுவதால்.

தமிழிலேயே இதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. ‘தான் வருவதாக முருகன் சொன்னான்’ என்ற அமைப்பில் ‘நான்’ என்பது ‘தான்’ ஆகிறது. பேசியவரின் நேரடிச் சொல் மறைந்து, எடுத்துரைப்பவரின் வாக்கியத்துக்குள் கரைகிறது. ஆங்கில அயற்கூற்று செல்ல விரும்பும் திசையும் இதுவே. காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுவது மட்டும் ஆங்கிலத்தின் தனி வழக்கம். இந்தப் படிக்கட்டைக் காட்டிய பிறகு, பள்ளிக்கு வராத தோழிக்கு ஆசிரியர் சொன்ன அறிவிப்பைக் கொண்டுசேர்ப்பது, தொலைபேசியில் தந்தை சொன்னதைத் தாயிடம் சொல்வது போன்ற உண்மையான செய்திகளில் பயிற்சி தொடர வேண்டும். செய்தி பிசகினால் விளைவும் பிசகும் என்ற இடத்தில்தான் ‘ஹி’யும் ‘ஐ’யும் வேறு வேறு ஆட்கள் என்பது உறைக்கும்.

மற்றப் பிழைகளை விரைந்து கடக்கலாம். ‘போகிறான்’ என்ற ஒரே வடிவம் வழக்கமாகப் போவதையும் இப்போது போய்க்கொண்டிருப்பதையும் தாங்குவதால் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் டெய்லி’ பிறக்கிறது. ‘ஏ’, ‘த’ என்னும் ஆர்ட்டிக்கிள்கள் தமிழில் இல்லை என்பது உண்மையாயினும், ‘புத்தகம் வாங்கினாள்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்த பிள்ளைக்கு, கேட்பவர் அறிந்த பொருளா அறியாத பொருளா என்ற எண்ணம் புதிதல்ல. வினையின் இறுதியில் வரும் ‘எஸ்’ மட்டும் விந்தையானது. எழுவாய்க்கு ஏற்ப வினைமுற்றின் விகுதியை மாற்றுவதில் தமிழர் கைதேர்ந்தவர்கள்; ஆன், ஆள், ஆர், அது என்று எத்தனை வேறுபாடுகள்! இருந்தும் ‘ஷி கோ’ என்று ஏன் எழுதுகிறார்கள்? தமிழில் அந்த விகுதி பொருளைச் சுமக்கிறது. எழுவாயே இல்லாமல் ‘வந்தாள்’ என்றாலும் ஆள் தெரிகிறது. ஆங்கிலத்தின் ‘எஸ்’ ஒன்றையும் சுமப்பதில்லை. ‘ஷி’ என்று முன்பே சொல்லியாகிவிட்டது. பயனற்ற சுமையை மனம் கீழே போட்டுவிடுகிறது. தாய்மொழி எதுவாயினும் ஆங்கிலம் கற்பவர்களிடம் இந்த ‘எஸ்’ தாமதமாகவே நிலைபெறுகிறது என்று ஆய்வாளர்கள் பலகாலமாகக் கூறிவருகிறார்கள். எனவே இதற்காக மாணவரைப் பெஞ்சின்மீது ஏற்றுவது வீண். பொறுமையே இங்கு மருந்து.

இத்தனை சொன்னபின் ஒரு கேள்வி எழுவது இயல்பு. விதியும் பயிற்சியும் இல்லாமல், பொருளை மட்டும் நோக்கி மொழியைப் பயன்படுத்தினால் இலக்கணம் தானாக வராதா? இந்தக் கேள்வியைத் தென்னிந்தியா கேட்டுச் சோதித்தும் பார்த்தது என்பது பெருமைக்குரியது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலம், வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் அமைப்புவழிக் கற்பித்தலைப் பெருமளவில் பரப்பியது. வகுப்பில் அமைப்புகள் வந்தன. வகுப்புக்கு வெளியே அவை வரவில்லை. இதைக் கண்டு ஐயுற்ற மொழிக்கல்வியாளர் என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களின் சில பள்ளி வகுப்புகளில் பெங்களூர்த் திட்டம் என்று பின்னர் உலகம் அழைத்த முயற்சியை நடத்தினார். இலக்கணப் பாடத்திட்டமே கிடையாது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறுவது என்று கண்டுபிடித்தல், வரைபடத்தில் வழி சொல்லுதல், தகவலைக் கொண்டு கணக்கிடுதல் போன்ற பணிகள் மட்டும். மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் அறியாமலே உருவாகும் என்பது அவர் கொள்கை. 1987இல் வெளிவந்த அவருடைய நூல், உலகெங்கும் பணிவழிக் கற்பித்தலின் முன்னோடிகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது; அது பிறந்த ஊர்களின் வினாத்தாள்களிலோ ராவணன் இன்னும் ‘பை ராமா’ கொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

பிரபுவின் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. வாரத்தில் சில மணி நேரமே ஆங்கிலம் கேட்கும் வகுப்பில் எல்லாம் தானாக முளைக்கும் என்று காத்திருப்பது நீண்ட காத்திருப்பாக முடியும். பணியைச் செய்து முடிக்க ஒற்றைச் சொற்களே போதும் என்று மாணவர் கண்டுகொண்டால் இலக்கணம் தேங்கிவிடவும் கூடும். அதேபோல் மனப்பாடத்தை முற்றிலும் இகழ்வதும் தகாது. ‘கோ, வென்ட், கான்’ என்று வகுப்பே சேர்ந்து பாடுவது பெருக்கல் வாய்ப்பாட்டைப் போன்றது. அதில் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை, நாவில் ஏறியிருந்தால் போதும். ஒழுங்கற்ற வினைகளுக்கு மனப்பாடம். பொருள் மாறும் வடிவங்களுக்குத் தேர்ந்தெடுத்தல். கைக்கு வந்தவற்றைப் புழங்கப் பணி. எதற்கு எது என்ற பகுத்தறிவு ஆசிரியரிடம் இருந்தால் மூன்றும் ஒன்றையொன்று பகைக்க மாட்டா.

நடைமுறைக்கு வரலாம். ஒரே வகைப் பயிற்சியை ஒரே நாளில் இருபது வாக்கியம் எழுதச் சொல்வது பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். முதல் வாக்கியத்துக்குப் பிறகு மாணவர் வாக்கியத்தைப் படிப்பதே இல்லை. தலைப்பில் ‘ஹேவ்’ என்றிருந்தால் எல்லா இடத்திலும் ‘ஹேவ்’. அதே இருபதைச் சாதாரண இறந்தகாலத்தோடு கலந்து, வாரத்துக்கு ஐந்தாகப் பிரித்து, இடைவெளி விட்டுத் தந்தால் முதல் வாரத்தில் பிழைகள் கூடும். பெற்றோர் சிலர் முறையிடவும் செய்வர். ஆயினும் நினைவில் நிற்பது பரவலாகவும் கலந்தும் பழகியதுதான்.

திருத்துவதிலும் இதே சிக்கல். நாற்பது ஐம்பது கட்டுரை ஏடுகளை ஒவ்வொரு பிழைக்கும் சிவப்பு மையிட்டுத் திருத்தும் ஆசிரியர் தாம் களைப்பதோடு மாணவரையும் மிரட்டிவிடுகிறார். ஏடெல்லாம் சிவந்தால் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு மாதத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இடங்களில் கோடு மட்டும் இட்டு, திருத்தத்தை மாணவரிடமே விட்டுவிடலாம். மற்றப் பிழைகள் அந்த மாதம் தப்பித்துப் போகட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி சிவப்பு மை குறைவென்று குறிப்பெழுதக் கூடும் என்பது வேறு விஷயம்.

கடைசியாக வினாத்தாள். தேர்வில் கேட்கப்படாத எதுவும் வகுப்பில் நிலைப்பதில்லை என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வாக்கியத்தை உருமாற்றச் சொல்வதற்குப் பதிலாக, மூன்று வரி உரையாடலைக் கொடுத்து, நான்காம் வரிக்குப் பிழையற்ற இரண்டு வாக்கியங்களை நிறுத்தி, பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தேர்ந்தெடுத்ததற்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு ஒன்று. காரணத்தை ஆங்கிலத்தில் எழுத இயலாத மாணவர் தமிழில் எழுத அனுமதிக்கலாம், ஏனெனில் அங்கே அளக்கப்படுவது ஆங்கில வடிவத்தைப் பற்றிய அறிவே ஒழிய விளக்கும் நடையன்று. இதற்கு எழும் மறுப்பு ஒன்றுதான்: விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஆயிரக்கணக்கான தாள்களை விடைக்குறிப்பை வைத்து ஓட்டும் ஆசிரியர்க்கு, காரணத்தைப் படித்து மதிப்பிட நேரம் ஏது? நியாயமான மறுப்பு. அதனால் பொதுத்தேர்வில் தேர்ந்தெடுக்கும் பகுதியை மட்டும் வைத்து, காரணம் எழுதும் பகுதியைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் பள்ளியளவில் தொடங்கலாம். அவற்றைத் திருத்துபவர் அந்தப் பிள்ளைகளின் சொந்த ஆசிரியர். ஒரு மாணவி ‘ஹேஸ் கம்’ என்று ஏன் எழுதினாள் என்பதை அவள் எழுதிய தமிழ் வரியிலிருந்து அறிந்துகொண்டு, மறுநாள் எந்தப் பாடத்தை எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவரும் அவரே.